பாட்டிலில் செத்த ஓடைப் பூச்சிகள்: சூடா, குளிரா, மூச்சா?

மலையடிவாரத்துத் தாப்பாவில் இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் நான்காம் படிவம். அறிவியல் செயல்திட்டத்துக்காகக் கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே ஒரு ஓடையில் கல்லைப் புரட்டி இருபது இருபத்தைந்து பூச்சி பிடித்திருக்கிறார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் ஓடைத் தண்ணீரையே ஊற்றி, மூடி போட்டு, காரில் கொண்டு வந்திருக்கிறார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிட்டது. மலைப் பூச்சிதானே, குளிர் வேண்டும் என்று மீதியை ஐஸ்பெட்டியில் (குளிர்சாதனப் பெட்டியில்) வைத்தார்களாம், காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. மகள் அழுதுவிட்டாள் போலிருக்கிறது. குளிர்ந்த மலைத் தண்ணீரில் இவை எப்படித்தான் வாழ்கின்றன, கொஞ்சம் சூடு பட்டதும் ஏன் இப்படிப் பொசுக்கென்று போகின்றன, இதுதான் கேள்வி. ஆனால் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: மலைப் பூச்சி என்றால் எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று நினைத்தோமே, அது சரியா? எனக்கு இந்த இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஐஸ்பெட்டியில் செத்தவற்றுக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பூச்சியியல் பட்டம் வாங்கியவள் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தேன், அம்மா கொழுந்து பறித்தார், ஆறாம் படிவம் முடித்த கையோடு ஆற்றுத் தண்ணீர் சோதிக்கும் ஒரு குழுவில் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்புறம் 24 வருடம் ரப்பர் பூட்ஸும் வலையுமாக ஓடை ஓடையாகத் திரிந்ததுதான் என் படிப்பு. பூச்சி எண்ணுவது, தண்ணீரின் வெப்பநிலை எடுப்பது, அட்டை பிடுங்குவது, மூன்றும் நன்றாக வரும். உடலுக்குள் நடக்கும் வேதியியல் எல்லாம் நான் கூட வேலை செய்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது.

நீங்கள் பிடித்தது என்னென்ன என்று எழுதவில்லை, ஆனால் அந்த உயரத்தில் ஓடும் தண்ணீரில் கல்லைப் புரட்டினால் பெரும்பாலும் மூன்று கூட்டம்தான் கண்ணில் படும். மேஃபிளை இளம்பூச்சிக்கு வயிற்றின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை மாதிரி செவுள் வரிசையாக இருக்கும், பின்னால் பெரும்பாலும் மூன்று வால். ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டே வால், ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகம். நம் பக்கம் அதிகமாகக் கிடைக்கும் பெர்லிடே குடும்பத்துக்கு அக்குளில் பஞ்சு ஒட்டியது போலச் செவுள் இருக்கும். மூன்றாவது கேடிஸ்ஃபிளைப் புழு. சில மணலையும் இலைத் துணுக்கையும் பட்டு நூலால் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு அதைத் தூக்கிக்கொண்டே நடக்கும், சில கல்லிடுக்கில் வலை பின்னிவிட்டுத் தண்ணீர் கொண்டுவருவதைத் தின்று உட்கார்ந்திருக்கும். (மேஃபிளையைச் சிலர் ஈசல் என்று எழுதுகிறார்கள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான், இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.) மூன்றுக்கும் பொதுவான விஷயம், இவற்றுக்கு உடம்புச்சூடு என்று சொந்தமாக ஒன்று கிடையாது. தண்ணீர் 18 டிகிரி என்றால் உடம்பும் 18, தண்ணீர் 28 என்றால் உடம்பும் 28. நமக்கு வியர்க்கும், நடுங்கும். இவற்றுக்கு அந்த வசதி இல்லை.

சரி, சூடு ஏறினால் என்ன ஆகிறது? எல்லோரும் சொல்லும் பதில், சுடுதண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் மூச்சுத் திணறிச் சாகின்றன என்பது. பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும், 30 டிகிரியில் 7.6. குறைவது ஆறில் ஒரு பங்குதான். இன்னொரு பக்கம், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பூச்சியின் உடம்பு கேட்கும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், சில இனங்களுக்கு அதற்கும் மேலே. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டு, அதே மாதம் வீட்டுச் செலவு இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தைக் கவிழ்ப்பது எது? வெட்டைவிடச் செலவுதான்.

மலைத் தண்ணீரில் ஆக்ஸிஜன் கொட்டிக் கிடக்கிறது என்று நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 விழுக்காடுதான். அழுத்தம் குறைந்தால் கரையும் ஆக்ஸிஜனும் அதே அளவில் குறையும். 18 டிகிரித் தண்ணீர் கடற்கரையில் 9.5 மில்லிகிராம் வைத்திருக்கும், தானா ராத்தாவில் 8 மில்லிகிராம்தான் தேறும். தாப்பாவில் 30 டிகிரியில் ஓடுகிற சுத்தமான ஆற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அரை மில்லிகிராம்கூட இல்லை. ஆக, மலை ஓடைப் பூச்சி வசதியாக இருப்பது தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகம் என்பதால் இல்லை, குளிரில் அதன் தேவை குறைவு, தண்ணீரும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதால்தான். அந்த ஓட்டம் சாதாரண விஷயம் இல்லை. செவுளை ஒட்டி மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கும், பூச்சி அதில் உள்ள ஆக்ஸிஜனை எடுத்ததும் அந்தப் படலம் வெறுமையாகிவிடும், ஓடை அதைக் கழுவித் தள்ளிப் புதிதாகக் கொண்டுவரும். மேஃபிளையில் சில இனங்கள் செவுளைப் படபடவென்று அடித்துத் தாமே தண்ணீரை நகர்த்திக்கொள்ளும். சில இனங்களுக்கு அது முடியாது, ஓடைதான் செய்து தரவேண்டும். அப்படிப்பட்டதைப் பாட்டிலில் போட்டு மூடினால், பாட்டில் முழுக்க ஆக்ஸிஜன் இருந்தாலும் அது தன் உடம்பைச் சுற்றியே மூச்சுத் திணறும்.

இவை சூட்டைச் சமாளிக்கும் வழிகளை நான் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன். முதல் வழி, இடத்தை மாற்றுவது. கல்லின் மேல்பக்கத்தில் இருந்தது அடிப்பக்கத்துக்குப் போகும், தேங்கிய இடத்தில் இருந்தது நீர் வெள்ளையாகப் பாயும் இடத்துக்குப் போகும், இன்னும் சில சரளைக்கல்லுக்குள் இறங்கிவிடும். ஓடையின் அடியில் சரளைக்கும் மணலுக்கும் நடுவே ஊடுருவி நகர்கிற தண்ணீர், மேலே ஓடுவதைப் போலப் பகலில் சூடேறி இரவில் ஆறாது, நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். கரையோரத்தில் ஊற்றுக்கண் கசிகிற இடமும் அப்படித்தான், காலை வைத்தாலே தெரியும். இது எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் பிடியை விட்டுவிட்டு ஓடையோடு போய்விடும், பெரும்பாலும் இரவில். போகிற இடம் இதைவிட நன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, கீழே போகப் போகத் தண்ணீர் சூடாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வழியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெரிய பெர்லிடே ஸ்டோன்ஃபிளையைப் பிடித்து, வெள்ளை டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டு, பாறை மேல் வெயிலில் வைத்துவிட்டுத் தே குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஆறு காலையும் ஊன்றி உடம்பை மேலே தூக்குகிறது, இறக்குகிறது, தூக்குகிறது, இறக்குகிறது. தண்டால் எடுக்கிறது! (நம் தோட்டத்துத் தண்டல் இல்லை, உடற்பயிற்சித் தண்டால்.) சிரித்துக்கொண்டே எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். குழுவில் மூத்தவர் வந்து பார்த்தார், எதுவும் பேசாமல் ஓடையில் இருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு டப்பாவில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அது தண்டாலை நிறுத்திவிட்டு மூலைக்கு நடந்து போய் உட்கார்ந்துகொண்டது. ‘உனக்கு வேடிக்கை, அதற்கு மூச்சு’ என்றார். அக்குளில் இருக்கும் செவுளைத் தண்ணீருக்குள் ஆட்டி அந்த வெறுமையான படலத்தை உடைக்கத்தான் அந்தத் தண்டால். கேடிஸ்ஃபிளைப் புழு அதே வேலையைத் தன் வீட்டுக்குள் வயிற்றை அலை அலையாக நெளித்துச் செய்யும், ஒரு வாசலில் தண்ணீர் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியேறும். மேஃபிளையின் செவுள் வீச்சு வேகமாகும். எல்லாமே உழைப்புதான். மூச்சு வாங்குவதற்கே ஆக்ஸிஜன் செலவாகிறது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

மூன்றாவது, உடம்புக்குள் நடப்பது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு இறுகிவிடும், திரும்பப் பழைய நிலைக்கு வராது, புரதம் வடிவம் கெட்டுவிட்டது. பூச்சியின் உடம்பிலும் புரதங்கள் அதே மாதிரி நெகிழ்ந்து, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதற்குக் கொதிநிலை எல்லாம் தேவையில்லை. அப்போது செல்கள் சில காவல் புரதங்களை அவசரமாகத் தயாரிக்கின்றன, அவை கெட்டுப்போகும் புரதங்களைத் தாங்கிப் பிடித்துப் பழைய வடிவத்துக்குத் திருப்ப உதவும். வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று பெயர். இது தெரியவந்த கதை சுவையானது. இத்தாலியில் ரிட்டோசா என்பவர் பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வகத்தில் யாரோ சூட்டுப் பெட்டியின் வெப்பநிலையைக் கூட்டி வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் குரோமோசோமில் இதுவரை பார்க்காத இடத்தில் எல்லாம் வீக்கம், அதாவது அந்த இடத்து மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கின்றன. 1962-இல் அதை வெளியிட்டார், அதற்கு முன் ஒரு பெரிய இதழ் இதில் உயிரியல் முக்கியத்துவம் எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தது! இன்று பாக்டீரியாவில் இருந்து மனிதன் வரை கிட்டத்தட்ட எல்லா உயிரிலும் இந்தப் புரதங்கள் இருப்பது தெரியும். ஆனால் ஒன்று, இதைத் தயாரிக்கச் சத்து செலவாகும். ஒரு நாள் மத்தியான வெயிலுக்குச் சரி, தினமும் செய்ய வேண்டி வந்தால் வளர்ச்சிக்கு வைத்திருந்த சத்துதான் இதற்குப் போகும்.

சாகாமலே தோற்றுப்போவது என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் அரைகுறை. தண்ணீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருந்துவந்தால் இளம்பூச்சி சாகாது, சீக்கிரம் முதிர்ந்துவிடும், சின்ன உடம்போடு. மேஃபிளைக்கு இறக்கை முளைத்த பிறகு சாப்பாடே கிடையாது, வாயே வேலை செய்யாது, ஒரு நாளோ சில நாளோ பறந்து இணைந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கான சத்து முழுவதும் தண்ணீருக்குள் இருந்தபோது சேர்த்ததுதான். உடம்பு சின்னதென்றால் முட்டை குறைவு. 1978-இல் சுவீனி, வேனட் என்ற இருவர் இதைத் தெளிவாக எழுதினார்கள்: ஒவ்வோர் இனமும் தனக்கு ஒத்த வெப்பநிலையில் வளரும்போதுதான் உடம்பும் பெரிதாகும், முட்டையும் அதிகமாகும், அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் இரண்டும் குறையும். அதனால்தான் ஒரு ஓடையில் பூச்சி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டமாட்டேன்.

இனிக் குளிருக்கு வருகிறேன். பனி பெய்யும் நாட்டில் ஓடைப் பூச்சி உறைந்துபோகாதா என்று மகள் கேட்டிருப்பாள், எந்தப் பிள்ளையும் கேட்கும். ஓடுகிற தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழே போவதில்லை என்றே சொல்லலாம், அதற்கு முன் உறைய ஆரம்பித்துவிடும். வெளியே காற்று கழித்தல் 20 டிகிரியில் இருந்தாலும் பனிக்கட்டிக்கு அடியில் ஓடுகிற தண்ணீர் 0-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். கரையில் இருக்கும் பூச்சியோடு பார்த்தால் ஓடைப் பூச்சி போர்வைக்குள் இருக்கிறது. அங்கே சில ஸ்டோன்ஃபிளைகள் நேர்மாறாக வாழ்கின்றன: கோடை முழுவதும் சரளைக்குள் இறங்கிச் சுருண்டு, வளர்ச்சியை நிறுத்திவைத்துத் தூங்குகின்றன, இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர்ந்த பிறகு எழுந்து வளர்ந்து, பனிக்காலத்தின் கடைசியில் இறக்கையோடு வெளியே வந்து பனி மேல் நடக்கின்றன. அதைவிட ஆச்சரியம் இமயமலையில் இருக்கிறது. டயாமெசா என்ற கொசு மாதிரியான ஒரு சின்னப் பூச்சி, கடிக்காத வகை, நேப்பாளத்துப் பனியாற்றின் மேல் கழித்தல் 16 டிகிரியிலும் நடமாடுகிறது என்று 1984-இல் ஒரு ஜப்பானிய ஆய்வாளர் எழுதினார். அதை எடுத்துக் கைச்சூட்டில் வைத்தால் தாங்காது.

இப்போது உங்கள் ஐஸ்பெட்டிக்கு வரலாம். டயாமெசாவும் மலைப் பூச்சி, கேமரன் மலை ஸ்டோன்ஃபிளையும் மலைப் பூச்சி. ஆனால் நம் மலை ஓடை எப்போதாவது 4 டிகிரிக்கு இறங்கியிருக்கிறதா? இல்லை. வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே வெப்பநிலை, பகலுக்கும் இரவுக்கும் கொஞ்சம் வித்தியாசம், மழை பெய்தால் ஒரு டிகிரி இரண்டு டிகிரி இறங்கும், அவ்வளவுதான். 1967-இல் ஜான்சென் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு யோசனையை முன்வைத்தார்: பனி நாட்டில் ஒரே இடத்தில் இருக்கிற உயிர்கூட வருடத்துக்குள் கடுங்குளிரையும் வெயிலையும் பார்த்துப் பழகிவிடுகிறது, வெப்பமண்டலத்து மலையில் வாழ்வது அப்படிப் பழகுவதே இல்லை, அதனால் அதற்கு ஒரு மலையின் ஏற்ற இறக்கமே பெரிய வேலி ஆகிவிடுகிறது. ஐம்பது வருடம் கழித்து அமெரிக்காவின் கொலராடோ மலை ஓடைகளையும் ஈக்வடார் நாட்டு ஆண்டிஸ் மலை ஓடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதே மேஃபிளை ஸ்டோன்ஃபிளைக் கூட்டங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவு ஜான்சென் சொன்னதோடு நன்றாகப் பொருந்தியது, ஈக்வடார்ப் பூச்சிகள் தாங்கும் வெப்பநிலையின் அகலம் குறுகலாக இருந்தது. அது ஆண்டிஸ். நம் மலையும் வெப்பமண்டலம்தான், காரணமும் அதேதான், அதனால் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் இது என் ஊகம் என்பதையும் சேர்த்தே படியுங்கள். அந்த ஊகம் சரி என்றால், உங்கள் ஸ்டோன்ஃபிளைக்குத் தாப்பாவின் 32 டிகிரி எவ்வளவு அந்நியமோ ஐஸ்பெட்டியின் 4 டிகிரியும் அவ்வளவு அந்நியம். தப்பான நினைப்பு என்று உங்களைச் சொல்லமாட்டேன், நானும் என் முதல் வருடத்தில் ஐஸ் கட்டி போட்டிருக்கிறேன்.

எது கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. நான் சந்தேகப்படுகிறவற்றைச் சொல்கிறேன், நீங்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். மூடிய பாட்டில், அசையாத தண்ணீர், இருபத்தைந்து உயிர், இதுதான் என் முதல் சந்தேகம். அந்த வளைவுப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தி ஏதாவது சாப்பிட்டீர்களா? வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் அரை மணி நேரத்தில் அடுப்பு மாதிரி ஆகிவிடும், அப்படியென்றால் சூடும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது, நிறைய பேர் யோசிக்காதது: பெர்லிடே ஸ்டோன்ஃபிளை ஊன் தின்னி. அதன் பிடித்தமான சாப்பாடே மேஃபிளைதான். ஓடையில் மேஃபிளை ஓடித் தப்பிக்கும், பாட்டிலில் எங்கே ஓடும்? ஆட்டையும் புலியையும் ஒரே லாரியில் ஏற்றியது மாதிரி. செத்தவற்றில் தலை மட்டும், கால் மட்டும் என்று துண்டு துண்டாக ஏதாவது இருந்திருந்தால் அது சூடு இல்லை. முழு உடம்போடு, காலைப் பரப்பி மல்லாந்து கிடந்தால் மூச்சோ சூடோ. இரண்டையும் பிரித்துச் சொல்வது ஆய்வகத்திலேயே கஷ்டம்.

ஆய்வாளர்களுக்குள்ளும் இதில் சண்டை உண்டு. சூட்டில் சாவதற்குக் கடைசிக் காரணம் ஆக்ஸிஜன் பற்றாக்குறைதான் என்று ஒரு கட்சி. ஐரோப்பிய ஸ்டோன்ஃபிளை ஒன்றை வைத்து 2011-இல் சோதித்தார்கள், தண்ணீரில் ஆக்ஸிஜனைக் கூட்டினால் அது இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கியது, குறைத்தால் சீக்கிரம் விழுந்தது. ஆனால் தண்ணீரில் வாழ்ந்தாலும் மேலே வந்து காற்றை எடுத்துக்கொள்ளும் பூச்சிகளிடம் இதைச் செய்தால் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே செவுளால் மூச்சுவிடுபவைக்கு இந்த விளக்கம் பொருந்தும், எல்லாப் பூச்சிக்கும் சட்டமாக்க முடியாது என்பதுதான் எனக்குப் புரிந்த அளவு. இன்னொன்று, தாங்கும் எல்லை என்று கட்டுரைகளில் வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பொதுவாக நிமிடத்துக்கு 0.3 டிகிரி வீதம் தண்ணீரைச் சூடேற்றி, பூச்சி பிடிமானம் இழந்து புரள்கிற வெப்பநிலையைக் குறிப்பார்கள். அது ஒரு மணி நேரத்துக் கதை. அதே பூச்சி அதைவிடப் பல டிகிரி குறைவான சூட்டில் ஒரு வாரம் இருந்தால் தாங்காமல் போகலாம். அமெரிக்காவில் மொண்டானா மாநிலத்துப் பனியாற்று ஓடைகளில் வாழும் லெட்னியா என்ற ஸ்டோன்ஃபிளையை 2019-இல் அழியும் அபாயத்தில் உள்ள உயிர் என்று சட்டப்படி சேர்த்தார்கள். அடுத்த வருடமே வந்த ஓர் ஆய்வு, அது தன் ஓடையின் சூட்டைவிட எவ்வளவோ அதிகமாகக் கொஞ்ச நேரம் தாங்குகிறது என்று காட்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நினைக்கத் தோன்றும், முரண் இல்லை. கொஞ்ச நேரம் தாங்குவது வேறு, அங்கேயே பிள்ளை பெற்று வாழ்வது வேறு.

நம் பக்கத்து ஓடைகளில் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஓடையில், ஒரே மத்தியானத்தில், மரம் கவிந்த மேல்பகுதியில் 18 டிகிரி காட்டிய வெப்பமானி, கரையை மொட்டையடித்துப் பிளாஸ்டிக் கூடாரம் போட்ட இடத்தைத் தாண்டியதும் 23 காட்டியது. நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாத தூரம். சூடு மட்டும் என்றால் பூச்சி சரளைக்குள் இறங்கித் தப்பித்திருக்கும். ஆனால் அங்கே காலை வைத்தால் கணுக்கால் வரை சேறு. வெட்டிய சரிவில் இருந்து ஒவ்வொரு மழைக்கும் மண் வந்து கல்லிடுக்கை எல்லாம் அடைத்துவிட்டது, இறங்குவதற்கு வழியே இல்லை. மேலே ஒரே கல்லில் ஏழெட்டு ஸ்டோன்ஃபிளை எண்ணினேன், கீழே இருபது கல் புரட்டியும் ஒன்றுகூட இல்லை, சிவப்புப் புழு மட்டும் நெளிந்தது. சூடா, சேறா, தெளித்த மருந்தா என்று அந்த ஒரு நாளை வைத்து நான் சொல்லமாட்டேன். மூன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன, அதுதான் சிக்கல். எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்பதைவிட, தாங்க முடியாதபோது போய் ஒளிய இடம் இருக்கிறதா என்று கேட்கவேண்டும் என்று எனக்குப் பட்டது அன்றைக்குத்தான்.

மகளுக்குச் செயல்திட்டம் இன்னும் முடிக்கவேண்டும் என்றால், பூச்சியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், மகளை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, ஒரு வெப்பமானி, கைத்தொலைபேசியில் கடிகாரம், போதும். காலையிலேயே போங்கள், மேலே மழை கருக்கினால் உடனே கரையேறிவிடுங்கள், கெப்பாலா ஆயர் (மலையில் இருந்து திடீரென்று பாயும் வெள்ளம்) வந்தால் சத்தம் கேட்டு ஓடக்கூட நேரம் இருக்காது. நிழலில் ஓர் இடம், வெயிலில் ஓர் இடம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரின் வெப்பநிலை, பத்துக் கல்லுக்கு எத்தனை பூச்சி, கல்லின் மேலே எத்தனை அடியில் எத்தனை. இதுவே ஒரு முழு அட்டவணை. அப்புறம் ஒரே ஒரு ஸ்டோன்ஃபிளையை டப்பாவில் விட்டு, அசையாத தண்ணீரில் நிமிடத்துக்கு எத்தனை தண்டால் எடுக்கிறது என்று எண்ணட்டும். ஐந்து நிமிடம் போதும், பிறகு ஓடைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு மறுபடி எண்ணட்டும். வெயிலில் வைக்கவேண்டாம், சூடேற்றவும் வேண்டாம், தேங்கிய தண்ணீருக்கும் ஓடுகிற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசமே அவள் கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிடும். புரட்டிய கல்லை எடுத்த இடத்திலேயே, முன்பு அடியில் இருந்த பக்கம் அடியிலேயே வரும்படி திரும்ப வைக்கவேண்டும், நிறைய பேர் இதைச் செய்வதில்லை. பூச்சியையும் தூக்கி எறியாமல், டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தால் அதுவே நடந்து போய்விடும்.